அண்ணாமலையின் காற்று யாருடைய பொறுப்பு?

பஞ்சபூத ஸ்தலங்களுள் திருவண்ணாமலை அக்கினிக்கு உரியது; வாயுவுக்கு உரியது காளஹஸ்தி. இது நம்மவர் அனைவரும் அறிந்த விஷயம். எனினும், அண்ணாமலையை வலம் வருவோர் 14 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையில் எட்டுத் திக்குகளுக்கும் உரிய எட்டு லிங்கங்களைத் தரிசித்துச் செல்கின்றனர். அவற்றுள் வடமேற்குத் திக்கில் இருப்பது வாயு லிங்கம். நெருப்பைத் தெய்வமாகப் போற்றும் ஊரிலே, காற்றையும் நின்று வணங்கிச் செல்ல நம் முன்னோர் ஓரிடம் வகுத்து வைத்தார்கள். அந்தச் சந்நிதியில் கைகூப்பி நிற்கும் யாத்ரிகன், தான் அங்கே உள்ளிழுக்கும் காற்று எத்தன்மையது என்று ஒரு கணம் சிந்திப்பானாயின், இக்கட்டுரைக்கு அவசியமே நேர்ந்திராது.

விஷயத்தைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். மலையைச் சுற்றியுள்ள காற்று ஒன்று. அதைக் கெடுக்கும் காரணங்கள் பல. அதைக் காக்க வேண்டிய அதிகாரங்களும் பல. ஆனால் அந்த அதிகாரங்களெல்லாம் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, இந்தக் காற்று நம் அனைவருக்கும் பொது என்று ஒப்புக்கொண்டு நிரந்தரமாய்ப் பணிபுரியும் ஏற்பாடு வேண்டும். ஊர் வேகமாய் வளர்ந்து வருகிறது. தீங்கு முற்றிய பிறகு கூடிப் பேசுவதைக் காட்டிலும், முற்றுமுன் கூடுவதே அறிவுடைமை.

ஆசிரமத்தின் வாசலில்

1896-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 1-ந் தேதி வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பிள்ளை இவ்வூர் வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது. விரூபாட்ச குகையிலும், பின்னர் கந்தாசிரமத்திலுமாக அவர் மலைமேல் வாழ்ந்த காலம் நீண்டது. 1922-ல் அன்னையார் அழகம்மாள் முக்தியடைந்தபின், மலையின் தென்புற அடிவாரத்தில் அவர் சமாதியைச் சார்ந்து எழுந்ததே இன்றைய ஸ்ரீ ரமணாசிரமம். 1938-ல் பாபு ராஜேந்திர பிரசாத் அவர்கள் ஜம்னாலால் பஜாஜ் அவர்களுடன் வந்து இங்கே சில நாள் தங்கிச் சென்றார். 1950 ஏப்ரல் 14-ல் மகரிஷி மறைந்தபோது, ஆசிரமம் ஊருக்கு வெளியே, மலையையும் வெட்டவெளியையும் அண்டை வீடாகக் கொண்டிருந்தது.

இன்று அவ்வாசலில் நின்று பார்ப்பவர் காண்பது என்ன? புதுச்சேரியிலிருந்து செங்கம் வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் செல்லும் நெடுவழியைச் சார்ந்த செங்கம் சாலை அது. பஸ்களும், லாரிகளும், ஆட்டோ ரிக்ஷாக்களும், வெளியூர்க் கார்களும் ஒன்றன்பின் ஒன்றாய் நெருங்கிச் செல்கின்றன. அக்கினி லிங்கத்தைக் கடந்து, சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமம், ரமணாசிரமம் ஆகியவற்றின் வாசல்களைத் தொட்டு, எமலிங்கத்தை நோக்கிச் செல்லும் கிரிவலப் பாதையும் அதே சாலைதான். வெறுங்காலுடன் நடக்கும் யாத்ரிகனும், கனரக வண்டியும் ஒரே ரஸ்தாவைப் பங்கிட்டுக் கொள்கின்றனர். சாலையின் இரு மருங்கிலும் விடுதிகளும், உணவு நிலையங்களும், வாடகை வீடுகளும் பெருகிவிட்டன. மௌனத்தை உபதேசித்த மகானின் வாசலில் ஓசை பெருகியதைப் பற்றிப் பலர் வருந்துகிறார்கள். ஓசை காதிற்குத் தெரிகிறது. ஆகையால் வருத்தமும் தோன்றுகிறது. புகையும் தூசியும் நுரையீரலுக்குள் ஓசையின்றிப் போவதனால் அதைப் பற்றிய வருத்தம் அவ்வளவாகத் தோன்றவில்லை.

ஊரின் வளர்ச்சியைக் குறை சொல்வது நமது நோக்கமன்று. 1989 செப்டம்பர் 30-ல் வடஆர்க்காடு ஜில்லா பிரிக்கப்பட்டபோது திருவண்ணாமலை ஒரு ஜில்லாவின் தலைநகரமாயிற்று. 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கில் நகரத்தின் தொகை சுமார் 1 லட்சத்து 45 ஆயிரம். 2024-ல் நகராட்சி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. அண்டைக் கிராமங்களை அதனுடன் இணைக்கும் ஏற்பாடும் உடன் வந்தது. இத்தொகையெல்லாம் நிரந்தரவாசிகளைப் பற்றியது. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான மக்கள் வந்து வலம் வந்து போகின்றனர். சித்ரா பௌர்ணமியிலும் கார்த்திகைத் தீபத்திலும் வருவோரின் தொகை ஊர் மக்களின் தொகையைப் பன்மடங்கு மிஞ்சிவிடுகிறது. இங்கு வாழாதவரும் இந்தக் காற்றுக்குப் பங்காளிகள் என்பதே அண்ணாமலையின் தனித்தன்மை. பரிகாரம் தேடுவோர் இதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

இரவில் தாழும் புகை

காற்று எவ்வாறு கெடுகிறது என்பதை எளிய முறையில் விளக்குதல் அவசியம். பகலில் சூரிய வெப்பத்தால் தரை சூடாகிறது. தரையை ஒட்டிய காற்றும் சூடேறி, இலேசாகி, மேலே எழும்புகிறது. அதனுடன் புகையும் எழும்பி விரிந்த ஆகாயத்தில் கலந்து போகிறது. இரவிலோ தரை குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, கீழேயே தங்கிவிடுகிறது. அதற்கு மேலுள்ள காற்று அதைக் காட்டிலும் வெப்பமாய் இருந்து, பானைக்கு மூடியிட்டாற் போல அமைந்துவிடுகிறது. அந்த மூடிக்குக் கீழ் எரித்த புகை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். மார்கழி விடியலில் வீதியில் நிற்பவருக்கு இது கண்கூடு.

பள்ளத்தாக்குகளில் இந்த அபாயம் அதிகம். பெல்ஜிய தேசத்தில் மியூஸ் நதிப் பள்ளத்தாக்கில் 1930 டிசம்பர் முதல் வாரத்தில், தொழிற்சாலைப் புகை இவ்விதம் மூடுண்டு நின்று சுமார் 60 பேரின் உயிரைக் குடித்தது. 1948 அக்டோபரில் அமெரிக்காவில் டொனோரா என்ற சிற்றூரிலும், நதியோரப் பள்ளத்தில் புகை தங்கிச் சில நாட்களுக்குள் 20 பேர் மாண்டனர். நான்கு வருஷங்கள் கழித்து 1952 டிசம்பரில் லண்டன் மாநகரமே புகைமூட்டத்தில் அகப்பட்டு ஆயிரக்கணக்கான உயிர்களை இழந்தபின், 1956-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் தூய காற்றுச் சட்டத்தை நிறைவேற்றியது. முந்திய இரண்டு சம்பவங்களும் எச்சரிக்கையாய் அமைந்தும், மூன்றாவது சம்பவம் வரையில் அந்நாட்டார் காத்திருந்தனர்.

திருவண்ணாமலை பள்ளத்தாக்கன்று, இங்கே துத்தநாக ஆலைகளும் இரும்பாலைகளும் இல்லை. மியூஸையும் டொனோராவையும் காட்டி யாரையும் பயமுறுத்த நாம் விரும்பவில்லை. ஆயினும் சமவெளியிலிருந்து தனித்து எழுந்து 800 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஒரு மலையின் அடிவாரத்தில் ஊர் நெருங்கி வளர்ந்திருக்கிறது. ஊரின்மேல் மலை அரணாக நிற்கும் பக்கங்களில், அமைதியான இரவுகளில் காற்றோட்டம் குன்றுவது இயற்கை. கிரிவலம் பெரும்பாலும் நடைபெறுவது எப்போது? பௌர்ணமி இரவில்! புகை தரையோடு தாழ்ந்து நிற்கும் அதே நேரத்தில்தான் லட்சக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். நடப்பவன் உட்கார்ந்திருப்பவனைக் காட்டிலும் அதிகமாக மூச்சு வாங்குகிறான். குழந்தையைத் தோளில் சுமந்து நடக்கும் தகப்பனும், கோலூன்றி நடக்கும் மூதாட்டியும், வண்டிகளின் புகையும் எரிகுப்பையின் நெடியும் கலந்த காற்றை நான்கைந்து மணி நேரம் உள்ளிழுக்கிறார்கள். புண்ணியம் தேடி வந்தவருக்கு நாம் அளிக்கும் உபசாரம் இது.

கண்ணுக்குத் தெரியும் தூசியைக் காட்டிலும் தெரியாத துகளே கொடியது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான். இரண்டரை மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்கள் மூக்கின் ரோமத்திற்கும் சளிக்கும் அகப்படாமல் நுரையீரலின் கடைசி அறை வரையில் சென்று, இரத்தத்திலும் கலக்கக் கூடியவை. ஆஸ்த்மா மாத்திரமன்றி இருதய நோயும் பக்கவாதமும் இவற்றால் பெருகுகின்றன என்பது வைத்தியர்களின் தீர்ந்த முடிவு. ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள்கள் 24 மணி நேரச் சராசரியில் 60 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று இந்திய சர்க்கார் 2009-ல் நியமம் செய்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் வெளியிட்ட வரம்போ 15 மைக்ரோகிராம்தான். நமது நியமம் எவ்வளவு தாராளமானது என்பது இதனால் விளங்கும். அந்தத் தாராளமான நியமத்தையேனும் மீறாதிருப்பது நமது குறைந்தபட்சக் கடமையாகும்.

ஒரு காற்று, பல எல்லைகள்

இக்காற்றுக்குப் பொறுப்பாளி யார் என்று விசாரிக்கப் புகுந்தால், எங்கே ஆரம்பித்தோமோ அங்கேயே திரும்பி வந்து நிற்போம். கிரிவலம் போல இதுவும் ஒரு பிரதட்சிணமே. நகரத்தின் குப்பை மாநகராட்சியைச் சேர்ந்தது. எல்லைக் கல்லைத் தாண்டியதும் அதே குப்பை பஞ்சாயத்தைச் சேர்ந்தது. மலைச்சரிவின் காடு வன இலாகாவுக்கு உட்பட்டது. கோயிலும் அதைச் சார்ந்த ஏற்பாடுகளும் அறநிலையத் துறையின் நிர்வாகம். சாலை நெடுஞ்சாலை இலாகாவினுடையது. அதில் ஓடும் பஸ் போக்குவரத்துக் கழகத்தினுடையது. அதை நிறுத்தி ஒழுங்கு செய்வது போலீஸாரின் வேலை. அதன் புகையைச் சோதிப்பது வட்டாரப் போக்குவரத்து அதிகாரியின் வேலை. அரிசி ஆலையின் புகையும் செங்கற்சூளையின் புகையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கவனத்திற்கு உரியவை. ஆசிரமங்கள் தங்கள் மதிலுக்குள் மரம் வளர்த்துப் பசுமையைக் காக்கின்றன. ஆனால் மதிலுக்கு வெளியே அவற்றுக்கு அதிகாரம் கிடையாது.

ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் கடமையைச் சரிவரச் செய்வதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் காற்று காக்கப்படாது. ஏனெனில் எந்த இலாகாவின் எல்லையும் காற்றின் எல்லையாக இல்லை. பஞ்சாயத்தில் கொளுத்திய குப்பையின் புகை மாநகராட்சிக் குழந்தையின் நெஞ்சில் தங்குகிறது. நகரத்து மோட்டார்ப் புகை அடி அண்ணாமலைக் கிராமத்தார் மூச்சில் கலக்கிறது. கோடையில் மலைமேல் காய்ந்த புல் தீப்பற்றினால் அதன் சாம்பல் எல்லோர் கூரைமீதும் சமமாக விழுகிறது.

மலையும் ஊரும் தனித்தனி என்று எண்ணுவதன் விபரீதத்தை நாம் சமீபத்திலேயே கண்டோம். 2024 டிசம்பர் 1-ந் தேதி, புயல் மழையின்போது மலைச்சரிவில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் பாறையும் சேறும் விழுந்ததில், குழந்தைகள் உட்பட 7 பேர் மாண்டனர். அவ்வருஷத் தீபத்தின்போது பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. மண் சரிவும் காற்றுக் கேடும் வேறு வேறான விபத்துக்கள். எனினும் பாடம் ஒன்றே: மலைக்கு நேர்வது ஊருக்கு நேரும், ஊர் செய்வது மலையைத் தொடும். மண்ணாவது ஒரு நாளில் சரிந்து எல்லோரையும் திடுக்கிடச் செய்தது. காற்றோ ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகச் சரிகிறது. அதற்கு அதிர்ச்சியும் இல்லை, அனுதாபத் தீர்மானமும் இல்லை.

தீபத் திருநாள் காட்டும் வழி

இத்தனை இலாகாக்களை ஒன்றுசேர்ப்பது நடக்கக்கூடிய காரியமா என்று சிலர் ஐயுறலாம். நடந்துகொண்டே இருக்கிறது என்பது நமது பதில். வருஷந்தோறும் கார்த்திகைத் தீபத்திற்கு முன்பு கலெக்டர் தலைமையில் எல்லா இலாகாக்களும் கூடுகின்றன. ஊருக்குள் வரும் ஒவ்வொரு பெருவழியின் முகப்பிலும் தற்காலிகப் பஸ் நிலையங்கள் அமைகின்றன. வெளியூர் வண்டிகள் அங்கேயே நிறுத்தப்படுகின்றன. குடிநீர், வைத்தியம், துப்புரவு, தீயணைப்பு யாவும் ஒரே திட்டத்தின் அங்கங்களாகின்றன. எந்தக் குப்பை எந்த எல்லையைச் சேர்ந்தது என்று அந்த நாட்களில் யாரும் வழக்காடுவதில்லை.

ஆகவே இவ்வூருக்குக் கூடிச் செயலாற்றும் கலை புதிதன்று. தீபத்தின் இரண்டொரு நாட்களில் இயலும் ஒற்றுமை, மற்ற நாட்களில் மாத்திரம் ஏன் கலைந்து போகவேண்டும்? திருவிழா முடிந்ததும் பந்தலைப் பிரிப்பதுபோல் ஒத்துழைப்பையும் பிரித்து வைத்துவிடுகிறோம். பந்தலைப் பிரிக்கலாம், கால்களை நட்ட இடத்தில் விட்டுவைக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

பிறர் நடந்த பாதை

தேசத்தின் பிற பாகங்களில் நடந்தவற்றைக் கவனிப்பது பயன் தரும். ஆக்ராவில் தாஜ்மகாலின் வெண்பளிங்கு புகையினால் மங்குகிறது என்று தொடரப்பட்ட வழக்கில், 1996 டிசம்பர் 30-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நிலக்கரியை உபயோகித்து வந்த 292 தொழிற்சாலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டும், அன்றேல் இடம் பெயரவேண்டும் என்று உத்தரவாயிற்று. கவனிக்கத்தக்கது அந்தத் தீர்ப்பின் பரப்பு. தாஜின் மதிலோடு நில்லாமல், ஆக்ரா, மதுரா, பிரோஜாபாத் முதல் ராஜஸ்தானத்துப் பரத்பூர் வரையில் சுமார் 10,400 சதுர கிலோமீட்டர் பிரதேசம் ஒரே வட்டாரமாகக் கொள்ளப்பட்டது. இரண்டு மாகாணங்களைத் தழுவிய அவ்வட்டாரத்திற்கு 1999-ல் தனி அதிகார சபையும் ஏற்பட்டது. ஒரு கட்டடத்தைக் காக்க அதைச் சுற்றியுள்ள ஜில்லாக்களைக் காக்கவேண்டும் என்ற உண்மை அங்கே சட்டத்தின் வாயிலாக ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒரு கல்லறையின் பளிங்கிற்குச் செய்ததை, உயிருள்ள மனிதரின் நுரையீரலுக்குச் செய்யலாகாதா?

டெல்லியின் கதை வேறு விதம். தலைநகரம் தன் எல்லைக்குள் எவ்வளவோ முயன்றும், பஞ்சாப், ஹரியானா வயல்களின் வைக்கோற் புகையும், உத்தரப் பிரதேசத்துச் சூளைப் புகையும் எல்லை கேளாமல் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு சர்க்காரும் மற்றதைக் குறை கூறிற்று. இருபது வருஷங்களுக்கு மேல் இவ்வாறு கழிந்த பின்னரே, 2021-ல் பார்லிமெண்ட் சட்டமியற்றி, தலைநகர வட்டாரத்திற்கும் அண்டை மாகாணங்களுக்கும் பொதுவான காற்றுத் தர நிர்வாகக் கமிஷனை நிலைப்படுத்தியது. கமிஷன் ஏற்பட்டும் டெல்லிவாசிகளின் துன்பம் தீர்ந்துவிடவில்லை. நோய் முற்றியபின் வரும் வைத்தியன் நிலைமை அப்படித்தான்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம் தமிழ்ச் சகோதரர்களுக்கு இவ்வநுபவம் புதிதன்று. 1997-ல் இந்தோனேசியக் காட்டுத் தீயின் புகை கடல் கடந்து வந்து அந்நாடுகளை மூடிற்று. 2002-ல் தென்கிழக்காசிய நாடுகள் எல்லை கடந்த புகைமூட்டத்தைப் பற்றி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஆனால் தீ எரிந்த நாடாகிய இந்தோனேசியா அதை முறைப்படி அங்கீகரித்தது 2014-ல்தான். 2015-லும் கடும் புகைமூட்டம் வந்தது. உடன்படிக்கையில் கையொப்பம் எளிது. முக்கியமான பங்காளி மனமுவந்து சேராவிடில் அது வெறுங் காகிதம் என்பதே இதன் சாரம்.

நம் மாகாணத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கணக்கின்றிச் செல்லும் வண்டிகளைக் குறித்து, சென்னை ஹைகோர்ட்டின் உத்தரவின்படி 2024 மே 7 முதல் மின்னணு அனுமதிச் சீட்டு முறை அமலுக்கு வந்தது. ஒரு மலைக்கு இத்தனை வண்டிதான் தாங்கும் என்று கணக்கிட நியாயம் உண்டு என்ற கொள்கை அதனால் நிலைபெற்றது. பிரயாணியின் சுதந்திரம் பறிபோயிற்று என்று யாரும் தேசத்தை விட்டு ஓடிவிடவில்லை.

ஆட்சேபங்களும் சமாதானமும்

நமது யோசனைக்கு மூன்று விதமான ஆட்சேபங்கள் எழக்கூடும். முதலாவது பக்தியின் பெயரால் எழுவது. அக்கினி ஸ்தலத்தில் நெருப்பையும் புகையையும் குறை சொல்லலாமா என்று கேட்பார்கள். மலையுச்சியில் ஏற்றும் தீபத்தை யாரும் குறை சொல்லவில்லை. வருஷத்தில் சில நாட்கள், ஓர் உயர்ந்த சிகரத்தில், நெய்யிட்டு ஏற்றும் ஜோதிக்கும், தெருமுனையில் பிளாஸ்டிக் பையைக் கொளுத்தும் தீக்கும் பேதமில்லை என்று சொல்பவர் தீபத்தின் மகிமையை உணராதவர். ஸ்தலத்தின் புனிதத்தில் மெய்யான பற்றுடையவரே அங்குள்ள காற்றின் தூய்மைக்கும் முன்னின்று உழைக்கவேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் ஏழைகளின் பெயரால் எழுவது. அதில் நியாயமும் உண்டு. சட்டத்தின் கை எப்போதும் எளியவன் கழுத்தையே முதலில் பிடிக்கும். விறகடுப்பு வைத்துப் பாதையோரத்தில் இட்டிலி விற்கும் கைம்பெண்ணை விரட்டிவிட்டு, குளிர்சாதனக் காரைச் சந்நிதி வரையில் அனுமதிப்பதே காற்றுப் பாதுகாப்பு என்றால், அது நமக்கு வேண்டாம். புகையால் அதிகம் துன்புறுபவரும் எளியவரே என்பதை மறத்தலாகாது. நாள் முழுதும் பாதையில் நிற்கும் பூக்காரியும், துப்புரவுத் தொழிலாளியும், சாதுக்களும், போலீஸ் சேவகரும் கெட்ட காற்றை மற்றெல்லாரினும் அதிகம் குடிக்கிறார்கள். ஆகவே மாற்று அடுப்பையும் எரிவாயுவையும் கொடுத்த பின்னரே விறகடுப்பை விலக்கச் சொல்லவேண்டும். குப்பையை வாங்கிச் செல்ல வண்டி வந்தபின்னரே கொளுத்தியவனுக்கு அபராதம் விதிக்கவேண்டும். கட்டுப்பாடு பெரிய வண்டியிலிருந்தும் பெரிய விடுதியிலிருந்தும் ஆரம்பமாகவேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம் அலட்சியத்தின் பெயரால் எழுவது. திருவண்ணாமலை டெல்லியா என்று கேட்பார்கள். அன்று. 2019 ஜனவரியில் ஆரம்பமான தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் நம் மாகாணத்திலிருந்து சேர்க்கப்பட்டவை சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி முதலிய பெரிய நகரங்களே. கெட்டுப்போன நகரங்களுக்கு மாத்திரமே திட்டமும் நிதியும் என்றால், கெடாத ஊர் கெடும் வரையில் காத்திருக்க வேண்டும் என்று பொருளாகும். இதைவிட விபரீதமான நீதி வேறில்லை.

காந்தியடிகளின் தொண்டரும் தஞ்சைத் தமிழருமான ஜே. ஸி. குமரப்பா, நிரந்தரப் பொருளாதாரத்தைப் பற்றி 1945-ல் வெளியிட்ட நூலில், இயற்கை அளிக்கும் வருமானத்தில் வாழ்வதற்கும் அதன் மூலதனத்தைத் தின்று வாழ்வதற்கும் உள்ள பேதத்தை எடுத்துக்காட்டினார். அண்ணாமலையின் நல்ல காற்று அவ்வூரின் மூலதனம். யாத்ரிகர் வருவதும், விடுதிகள் பிழைப்பதும், நிலத்தின் விலை உயர்வதும் அதன் வட்டி. மூலதனத்தைக் கரைத்து வட்டியைப் பெருக்க முயலும் வியாபாரி நெடுநாள் கடை நடத்தமாட்டான்.

செய்யவேண்டுவன

இனிச் செய்யத்தக்கவற்றைச் சொல்வோம். முதலாவது, எல்லோரும் கூடுவதற்கு ஒரு மேஜை. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 74-வது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி ஒவ்வொரு ஜில்லாவிலும் திட்டக் குழு அமையவேண்டும். நகரங்களுக்கும் பஞ்சாயத்துக்களுக்கும் பொதுவான விஷயங்களை, இயற்கைச் செல்வங்களின் பங்கீட்டையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் உள்ளடக்கி, அது கவனிக்கவேண்டும் என்று 243 இஸட் டி ஷரத்து கூறுகிறது. அக்குழுவின் கீழ்க் கிரிவல வட்டாரத்திற்கென ஓர் உபகுழு ஏற்படட்டும். மாநகராட்சி, பஞ்சாயத்துக்கள், வன இலாகா, கோயில் நிர்வாகம், நெடுஞ்சாலை, போக்குவரத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகியோருடன், ஆசிரமங்களும், வர்த்தகர்களும், ஆட்டோ ஓட்டிகளும், கிராமத்தாரும் அதில் ஆசனம் பெறவேண்டும். மாதம் ஒரு முறை, பௌர்ணமிக்கு முன் அது கூடவேண்டும்.

இரண்டாவது, அளவு. நோயை அளவிடாமல் மருந்து கொடுக்கலாகாது. ஒரே இடத்தில் ஒரு கருவியை வைத்து ஊர் முழுவதற்கும் தீர்ப்புச் சொல்வது போதாது. செங்கம் சாலையில் ஆசிரம வாசலின் அருகே ஒன்று, கோயில் வீதியில் ஒன்று, பஸ் நிலையத்தில் ஒன்று, அடி அண்ணாமலைப் பக்கம் ஒன்று, குப்பை மேட்டின் காற்றடிக்கும் திசையில் ஒன்று என்று மலையைச் சுற்றி அளவிடவேண்டும். பௌர்ணமி இரவின் அளவும் சாதாரண இரவின் அளவும் பலகையில் எழுதிப் பொதுஜனங்களுக்குக் காட்டப்படவேண்டும். எந்தப் பள்ளிக்கூட மாணவனும் அதைக் குறித்துக்கொண்டு சென்ற வருஷத்தோடு ஒப்பிடும்படி இருக்கவேண்டும்.

மூன்றாவது, வண்டிகள். தீபத்தன்று செய்வதைப் பௌர்ணமிதோறும் ஒழுங்காகச் செய்யலாம். வெளியூர் வண்டிகள் ஊர் முகப்பில் நிற்கட்டும். அங்கிருந்து மின்சார பஸ்கள் யாத்ரிகர்களை ஏற்றி வரட்டும். எங்கோ போகும் லாரிகள் கிரிவலப் பாதையை மிதிக்காமல் புறவழிகளில் திருப்பப்படட்டும். தாஜ்மகாலின் அருகே புகை வண்டிகளை நிறுத்திவிட்டு மின்கல வண்டிகளை ஓட்ட இயலுமானால், இங்கும் இயலும்.

நான்காவது, குப்பை. அதைத் திறந்த வெளியில் கொளுத்துவது குற்றம். கொளுத்துவோர் 5,000 ரூபாயும், பெருமளவில் கொளுத்துவோர் 25,000 ரூபாயும் செலுத்தவேண்டும் என்று 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2019 ஜனவரி 1 முதல் ஒரே முறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் பொருள்கள் பல நம் மாகாணத்தில் தடைப்பட்டன. சட்டத்திற்குப் பஞ்சமில்லை. அன்னதானம் செய்யும் புண்ணியவான்கள் இலையிலும் மந்தாரைத் தொன்னையிலும் உணவளித்து, எஞ்சியதைத் தாங்களே அகற்றும் பொறுப்பையும் ஏற்பாராயின் பாதிச் சிரமம் தீரும். உணவிடுவது தானம் என்றால், அதன் மிச்சத்தை அகற்றுவது அத்தானத்தின் பின்பாதி. ஊரக எல்லையென்றும் நகர எல்லையென்றும் பாராமல் ஒரே துப்புரவு ஏற்பாடு பாதை முழுவதற்கும் வேண்டும். காற்றுச் சட்டம் 1981-ன் 19-வது பிரிவு, குறித்த பரப்பினுள் குறித்த எரிபொருளையும் பிற பொருள்களை எரிப்பதையும் தடுக்கும் அதிகாரத்தை மாகாண சர்க்காருக்கு அளித்திருக்கிறது. அதன்கீழ் கிரிவல வட்டாரம் முழுவதற்கும் ஒரே விதியை அமல் செய்யலாம்.

ஐந்தாவது, மலை. கடந்த நூற்றாண்டின் எண்பதுகளின் கடைசியிலிருந்து தன்னலமற்ற தொண்டர்கள் பலர், உள்ளூராரும் வெளிநாட்டாரும் சேர்ந்து, மொட்டையாய்க் கிடந்த சரிவுகளில் மரம் நட்டு வருகின்றனர். கோடைக்கு முன் புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டுவதும், தீப்பற்றினால் மலையேறி அடித்து அணைப்பதும் அவர்கள் பணியின் ஒரு பகுதி. நட்ட மரம் ஒன்று வேரூன்றி நிற்கப் பத்து வருஷம் ஆகும். அலட்சியமாய் எறிந்த ஒரு பீடித்துண்டு அதை ஒரு மணியில் கரியாக்கும். இத்தொண்டர்களுக்கும் வன இலாகாவுக்கும் வருஷம் முழுவதும் ஆளும் பொருளும் கொடுத்து உதவுவது பொதுப் பொறுப்பாகவேண்டும். சாலையை விரிக்க மரத்தை வெட்டுவதை வளர்ச்சி என்று கணக்கெழுதும் வழக்கமும் ஒழியவேண்டும்.

பொதுத் தொண்டர்களுக்கு

இக்காரியத்தில் சர்க்காரை மாத்திரம் எதிர்பார்த்திருப்பது தகாது. நம் தேசபக்தர்கள் உப்புக்கும் கதருக்கும் கிராமந்தோறும் நடந்த காலம் ஒன்றிருந்தது. அவர்கள் நடந்தது, சாமானிய ஜனங்களின் அன்றாட வாழ்வே அரசியலின் அஸ்திவாரம் என்று நம்பியதனால். உப்பைவிடச் சாமானியமானது காற்று. அதற்கு விலையும் இல்லை, வரியும் இல்லை. ஆகையால் அதற்காகப் போராடுவோரும் குறைவு. வார்டு உறுப்பினரிடமும், பஞ்சாயத்துத் தலைவரிடமும், சட்டசபை அங்கத்தினரிடமும், கட்சி பேதமின்றி ஒரே கேள்வியை ஜனங்கள் கேட்கவேண்டும்: பக்கத்து எல்லைக்காரருடன் உட்கார்ந்து இக்காற்றைப் பற்றி எத்தனை முறை பேசினீர்கள்? இக்கேள்விக்கு விடை சொல்லவேண்டிய நிர்ப்பந்தம் ஏற்படும் அன்றுதான் உபகுழுவுக்கு உயிர் வரும்.

அண்ணாமலையை வலம் வருபவன் எந்த இடத்தில் ஆரம்பித்தாலும், முழுவதும் சுற்றினால்தான் பலன். பாதி வழியில், தன் ஊர் எல்லை முடிந்தது என்று திரும்பிவிடுவோன் கிரிவலம் செய்தவனாகான். அம்மலையின் காற்றைக் காக்கும் பணிக்கும் இவ்விதியே பொருந்தும். மாநகராட்சி தன் எல்லை வரையிலும், பஞ்சாயத்து தன் எல்லை வரையிலும், வன இலாகா தன் எல்லை வரையிலும் வந்து நின்றுவிடாமல், எல்லோரும் சேர்ந்து முழு வட்டத்தையும் நடந்து முடிக்க முன்வருவார்களாக. அடுத்த பௌர்ணமிக்கு முன்பே அந்த முதல் கூட்டத்தைக் கூட்டுவதற்கு ஜில்லா அதிகாரிகளுக்குத் தடை ஏதும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.